சுமைதாங்கிக் கல்லும் நாற்பத்திரண்டு நாளும்

ஏரலிலிருந்து ஆற்றோரமாக மேற்கே வரும் பழைய பாதையில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் ஒன்றிரண்டு நிற்கின்றன. நட்டு வைத்த இரண்டு கல், அவற்றின் தலையில் குறுக்கே ஒரு நீளக் கல். தோளுயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் ஆள் துணை இல்லாமலே சுமையை அதன்மேல் சரித்து வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். குனிந்து நிமிர வேண்டியதில்லை. காயல்பட்டினம், புன்னைக்காயல் பக்கமிருந்து உப்பும் கருவாடும், தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் தாமிரபரணிப் பாசன ஊர்களுக்குத் தலையில் வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. மாட்டுவண்டி எல்லார் வீட்டிலும் இருந்ததா என்ன.

அந்தக் கல்லை வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். இறக்க வேண்டியதை இறக்காமலே போய்விட்டாள். அவள் பேரைச் சொல்லி நட்ட கல்லில் வழிப்போக்கர் பாரத்தை இறக்கினால் அவள் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டின் பல பக்கங்களிலும் இது உண்டு. நம் பக்கத்துக் கற்களில் சிலவற்றில் எழுத்தும் உண்டு: கொல்லம் ஆண்டு, மாதம், ஊர், இன்னார் உபயம். எப்படிச் செத்தாள் என்பது மட்டும் இருக்காது. அதைக் கல்தச்சனிடம் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தவள். சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து ஊர்களில் 'நர்சம்மா' என்றால் ஒரு காலத்தில் நான்தான். வேலையின் பிற்பாதியில் பேறுகால மரணம் நடந்த வீடுகளுக்குப் போய் விசாரித்து எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் ஆய்வு செய்கிற டாக்டர்களுக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: செத்தவளை நினைத்துக்கொள்ள இந்த ஆற்றங்கரைக்கு எப்போதும் வழி தெரிந்திருந்தது. ஏன் செத்தாள் என்று விவரமாகக் கேட்கத்தான் ரொம்ப நாள் ஆயிற்று.

நினைத்துக்கொள்வதில் பாதி பயம். 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த கால்டுவெல் பாதிரியார், 1849-இல் வெளியிட்ட புத்தகத்தில், அகாலமாகச் செத்தவர்கள் பேயாக அலைகிறார்கள் என்ற இந்தப் பக்கத்து நம்பிக்கையை விஸ்தாரமாக எழுதினார். அவருக்கு அது களைய வேண்டிய இருட்டு. வீட்டுப் பெண்களுக்கு அது கணக்குத் தீராத ஒரு சாவு. சூலியாகச் செத்தவளை அப்படியே அடக்கம் பண்ணக்கூடாது, வயிற்றைக் கீறிப் பிள்ளையைத் தனியே எடுத்துப் புதைக்க வேண்டும் என்ற வழக்கத்தை வயசான ஆச்சிமார் குரலைத் தாழ்த்திச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கையில் பிள்ளையோடு நிற்கிற இசக்கியம்மனுக்குத் தொட்டில் கட்டுகிறவர்களும், வலி கண்டவுடன் அவளுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைக்கிறவர்களும் இன்றைக்கும் உண்டு. முடிந்து வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்கும் போன் போடுகிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனுக்கு ஆடிப்பூர விழாவில் வளைகாப்பு நடக்கும். பிறகு முளைக்கட்டு. பயறை ஊறவைத்துத் துணியில் கட்டி அம்மன் வயிற்றில் சூல் தெரியும்படி வைத்து அலங்காரம் செய்வார்கள். வளையல் வாங்க அன்றைக்கு அம்மன் சன்னதியில் கூட்டம் நெரியும். ஊருக்கே தாயானவளுக்கும் மசக்கையும் வயிறும் உண்டு என்று வைத்துக் கொண்டாடுகிற ஊர் இது. அதே ஊரில் பேறுகாலத்துக்குப் போகிற பெண் 'இன்னொரு பிறப்பு' எடுத்துத்தான் வர வேண்டும் என்றிருந்த காலம் நம் பாட்டிமார் காலம் வரைக்கும் நீடித்தது.

அது வெறும் பேச்சில்லை என்பதற்குக் காகிதச் சாட்சி உண்டு. சென்னை மாகாணத்தில் 1899-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமங்களில் நோட்டு முன்சீப் கையில். தலையாரி வந்து சொல்வதைக் கேட்டு அவர் எழுதுவார். வைத்தியம் தெரிந்தவர் யாரும் செத்தவளைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டு போனவள், பிள்ளை பெற்றதால் போனாளா, காய்ச்சலால் போனாளா? முன்சீப் நோட்டில் அவள் 'காய்ச்சல்' என்ற கட்டத்துக்குள் போவாள். அந்தக் கட்டத்துக்குள் மலேரியாவும் போனது, டைபாய்டும் போனது, யாருக்கும் பெயர் தெரியாத எல்லாமும் போனது.

1933-இல் இந்திய மருத்துவப் பணியின் தலைவராக இருந்த சர் ஜான் மெகா கிராமத்து டாக்டர்களைக் கேட்டு ஒரு கணக்குப் போட்டார். ஆயிரம் பிரசவத்துக்கு 24.5 தாய்மார் சாகிறார்கள் என்றது அது. 1946-இல் வந்த போர் (Bhore) கமிட்டி அறிக்கை ஆயிரத்துக்கு 20 என்றும், நாடு முழுக்க ஆண்டுக்கு 2 லட்சம் பெண்கள் என்றும் மதிப்பிட்டது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையை நடத்திய ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் கமிட்டியில் ஒருவர். பிரசவ மருத்துவத்துக்கு அவர் எழுதிய ஆங்கிலப் பாடநூலைத்தான் நம் ஊர் மகப்பேறு டாக்டர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துப் பாஸ் பண்ணினார்கள். ஆயிரத்துக்கு இருபது என்பதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். ஏழு பிள்ளை பெற்ற ஆச்சிமார் அன்றைக்கு ஊர் முழுக்க. ஒவ்வொரு தடவைக்கும் நூற்றில் இரண்டு பங்கு ஆபத்து என்றால், ஏழு பேறு முடிப்பதற்குள் ஏழெட்டுப் பேரில் ஒருத்தி போய்விடுவாள். ஒவ்வொரு குடும்பத்திலும் 'மூத்த குடியாள்' என்று ஒரு போட்டோகூட இல்லாத பெண் இருப்பது இதனால்தான். அவளுடைய தங்கச்சியே இரண்டாம் தாரமாக வந்திருப்பாள்.

அந்தக் காலத்துப் பழியை மருத்துவச்சி தலையில் போடுவது சுலபம். நான் பயிற்சிக்குப் போன நாளில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாவிதர் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாகச் செய்த வேலை அது. கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய சேலை, தலைக்கு எண்ணெய். வேலை முடிந்தால் தீட்டு என்று திண்ணைக்கு வெளியே சோறு. நான் வேலை பார்த்த ஊரில் ஒரு ஆச்சி இருந்தாள். வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தே பிள்ளை தலைகீழா, குறுக்கா என்று சொல்வாள். நான் ஒரு நாளும் அவளை மிஞ்சியதில்லை. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை என்றால் அவள் கையில் இருந்த வழி, பெற்றவளின் தலைமுடியையே அவள் வாயில் திணித்து ஓங்கரிக்க வைப்பது. ஓங்கரித்தால் வயிறு இறுகும், நஞ்சு நழுவும் என்பது கணக்கு. சில நேரம் நழுவும். நழுவாத அன்றைக்கு அவளிடம் வேறொன்றும் கிடையாது. தொப்புள்கொடி அறுக்க வீட்டில் கிடக்கும் பண்ணரிவாள். 1926-இல் மாகாணத்துக்கு நர்ஸ், மிட்வைஃப் சட்டம் வந்தது, பின்னாளில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து, பிளேடும் நூலும் சோப்பும் போட்டு ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். பெட்டி வந்ததில் பிள்ளைகளுக்கு வரும் வில்வாதம் குறைந்தது. உதிரப்போக்குக்கு அந்தப் பெட்டியில் மருந்தில்லை.

ஆஸ்பத்திரிகள் இல்லாமல் இல்லை. 1870-இல் நாசரேத்தில் ஸ்டிராச்சன் பாதிரியார் மருத்துவப் பணி தொடங்கினார். களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் இல்லத்தோடு 1930-களில் ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது. 1939-இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டு, தாய்சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி. 1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியை யாரும் முழுப்பேர் சொல்லி அழைத்ததில்லை, இன்றைக்கும் 'ஹைகிரவுண்டு'தான். எல்லாம் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை. மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும் மலைப்பாதை, காரையாறு அணைக்கு மேலே காணிக்குடியிருப்புகள், கடைசி பஸ் ஆறரைக்கே போய்விடும் வயல்காட்டு ஊர்கள். 1843-இல் சுலோசன முதலியார் பாலம் வருவதற்கு முன்னால் ஆற்றில் வெள்ளம் வந்தால் பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும் இரண்டு தனி ஊர்களாகத்தான் கிடந்தன. நூற்றைம்பது வருஷம் கழித்தும் பல கிராமங்களின் நிலை அதுவே.

இன்னொரு பெண்ணின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும், அவர் திருநெல்வேலிக்காரர் இல்லை என்றாலும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைக் கூலிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியா என்று தேடினார், கிருமி இல்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாக எழுதினார். குன்னூரில் வேலை செய்தார், 1931-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளைப் பார்த்தார். குரங்குகளுக்கும் பிறகு பெண்களுக்கும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறைக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது. ஈஸ்டில் இருந்த அந்தச் சத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெறுவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று. நாங்கள் பை நிறையச் சுமந்து வீடு வீடாகக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையில் அவர் கண்டதும் அடக்கம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதால் விடை கிடைத்தது என்பதற்காக அவரை இங்கே இழுத்தேன்.

இனி 1994. அந்த வருஷம் தமிழ்நாட்டில் பேறுகால மரணம் எங்கே நடந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு தொடங்கியது. இங்கிலாந்தில் 1952 முதலே இப்படி ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக விசாரிக்கும் முறை உண்டு. சூலுற்ற நாள் தொடங்கிப் பிள்ளை பிறந்தோ கலைந்தோ 42 நாள் வரைக்கும் சூலோ பேறோ காரணமாக நேர்கிற சாவு இந்தக் கணக்கில் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை அது. நம் வீடுகளில் நாற்பது நாள் தீட்டு, நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றுவது என்ற கணக்கு உண்டு. அதனால் '42 நாள்' என்றதும் எந்த ஆச்சிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே 1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தாமதம் மூன்று வகை என்று எழுதினார்கள்: போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் வைத்தியம் கிடைக்கும் தாமதம். மெய்ன் இன்னொரு கணக்கும் சொல்லியிருந்தார். வைத்தியம் இல்லாவிட்டால் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? ஜன்னி கண்டால் சராசரியாக 2 நாள். பிள்ளை அடைத்துக்கொண்டால் 3 நாள். சீழ்க்காய்ச்சலுக்கு 6 நாள். பிள்ளை பிறந்த பிறகு வரும் உதிரப்போக்குக்கு 2 மணி நேரம். எனக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இப்ப உங்க ஊர்ல இருந்து ஹைகிரவுண்டுக்கு எவ்வளவு நேரம்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். பகலிலா, ராத்திரியிலா என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம்.

முதலில் போன வீடுகளில் ஒன்று நினைவில் நிற்கிறது. முக்கூடல் பக்கம், பீடி சுற்றும் வீடு. வாசலில் இலை நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். மாமியார் தட்டை மடியில் வைத்தபடியே பேசினாள், கை நிற்கவில்லை. கட்டு முடித்துக் கடைக்குக் கொடுக்காவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

"வலி எப்பம்மா கண்டுச்சு?"

"விடியக்கருக்கல்ல, நர்சம்மா. பால்காரன் வாரதுக்கு முன்ன."

"பிள்ளை?"

"பள்ளிக்கூடத்துல மணி அடிக்கும்போது பொறந்துட்டு. ஆம்பளப் பிள்ளை."

"நஞ்சு விழுந்துச்சா?"

"விழல்லியே. அதாம்மா சொல்லுதேன்."

"ரத்தம் எவ்வளவு போச்சு?"

கேள்வித்தாளில் மில்லிலிட்டர் கேட்டிருந்தார்கள். அவள் சொன்னது, "ரெண்டு சேலை. மூணாவதும் பாதி."

"வண்டிக்கு எப்ப ஆள் அனுப்புனிய?"

"அவன் பீடிக்கடைக்குப் போயிருந்தான். அவன் வராம நாங்க பொம்பளைய எப்படிக் கொண்டுபோவ?"

மகன் வந்து, வேன்காரனைத் தேடி, அவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, போன முதல் ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்து, இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரி: பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு. அதை எழுத ஒரு நிமிஷம். பால்காரனையும் பள்ளிக்கூட மணியையும் வேன்காரன் சாப்பாட்டையும் கடிகார நேரமாக்கி அடுக்க எனக்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று. அந்த அடுக்குத்தான் விசாரணை. மூன்று தாமதமும் ஒரே வீட்டில் இருந்தன.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் மாதக் கூட்டம் நடக்கும். யார் மேலும் பழி போடுவதற்கில்லை, காரணம் காணத்தான் என்று ஆரம்பத்தில் ஒரு வாக்கியம் வாசிப்பார்கள். வாசித்து முடித்த அடுத்த நிமிஷமே பழி பறக்கும். அது பெரும்பாலும் கீழே இறங்கி எங்கள் தலையில் வந்து உட்காரும். 'ஏன் முன்னாலேயே அட்மிஷன் போடச் சொல்லலை?' நாங்கள் சொல்லியிருப்போம், நோட்டில் தேதியோடு இருக்கும். பிற்காலத்தில் செத்தவளின் புருஷனையோ தாயையோ அந்தக் கூட்டத்துக்கே அழைத்துப் பேசச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பெரிய டாக்டர்களின் குரல் கொஞ்சம் தணிந்தது. ரத்தத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன் என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்த்துச் சொல்வது எளிதில்லை.

கூட்டங்களில் திரும்பத் திரும்ப ஒரே பதில்கள் வந்தன. ராத்திரி ஆள் இல்லை. ரத்தம் இல்லை. வண்டி இல்லை. பதில் ஒரே மாதிரி வந்ததால் செய்ய வேண்டியதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். சீமாங் மையங்கள் வந்தன: எந்நேரமும் ஆபரேஷன், ரத்தம், மயக்க மருந்து டாக்டர். 2004-இல் பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்தது. ஜன்னிக்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி கீழ்நிலை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது. உதிரப்போக்குக்கு ஒரு உடுப்பும் வந்தது. நீச்சல் உடைத் துணியில் தைத்த முழுக்கால்சட்டை மாதிரி இருக்கும். கணுக்காலில் ஆரம்பித்து முட்டி, தொடை, இடுப்பு, வயிறு என்று பட்டை பட்டையாக இழுத்து ஒட்ட வேண்டும். காலில் கிடக்கும் ரத்தம் நெஞ்சுக்கும் மூளைக்கும் ஏறும். வைத்தியம் அதில் இல்லை, கிடைப்பது நேரம். பிரியப் பிரிய 'டர்ர்' என்று சத்தம் வரும் அந்த ஒட்டுப்பட்டையை இருட்டில், ஓடுகிற வண்டிக்குள், கீழிருந்து மேலே வரிசை மாறாமல் ஒட்டப் பழக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் போச்சு.

பணமும் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று ஏறியது. மேடைகளில் அதைத்தான் அதிகம் பேசுவார்கள். சத்தாகச் சாப்பிடக் கொடுத்த பணம் சேட்டுக் கடையில் நகை மீட்கப் போனதையும் பார்த்திருக்கிறேன். பீடி சுற்றுகிற வீட்டில் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உயிரைக் காத்தது எது என்று என்னைக் கேட்டால், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்க ஒரு நர்ஸ் உள்ளே இருந்ததுதான் என்பேன். 2001-03-இல் லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தமிழ்நாட்டில் 134 தாய்மார் இறந்தார்கள், இந்தியாவில் 301. 2018-20-இல் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. போர் கமிட்டிக் கணக்கை இதே அளவில் சொன்னால் 2,000.

எண்ணுவதில் நம் வழக்கம் ஒன்று எங்களைப் படுத்திய பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் போய்விடுவாள். சேரன்மகாதேவியில் நான் பதிந்து, ஊசி போட்டு, ரத்த அழுத்தம் பார்த்து வைத்திருக்கிற பெண் திடீரென்று சாத்தான்குளத்திலோ கோவில்பட்டியிலோ இருப்பாள். அந்த ஊர் நர்ஸுக்கு அவள் யாரென்றே தெரியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே வந்தது என் நோட்டில் இருக்கும், வலி கண்டது அவள் நோட்டில் இருக்கும். செத்தால் இரண்டு நோட்டிலும் இருக்காது. 'தாய்வீடு போனாள்' என்று நான் கோடு போட்டிருப்பேன், 'நம் ஏரியா இல்லை' என்று அவள் விட்டிருப்பாள். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானதும் இந்த வம்பு கூடியது, 2019-இல் தென்காசி பிரிந்ததும் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் பெண் எங்கே போனாலும் நோட்டும் கூடப் போயிற்று. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்றதும், எண் வாங்காத வீடே இல்லை. புத்திமதி சொல்லி நான் சாதிக்காததைச் சான்றிதழ் சாதித்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்களே, அன்றைக்கு எனக்குப் பழைய பயம் திரும்பியது. பாதை போனால் இரண்டு மணி நேரக் கணக்கும் போச்சு. பேறுகாலத் தேதி நெருங்கியவர்கள் பட்டியல் எந்த ஊரில் யார் கையில் இருக்கிறது, போன் எடுக்கிறார்களா என்றுதான் அந்த இரவு முழுக்கப் பழைய சிநேகிதிகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பிரச்சினை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில். அதில் ஆபரேஷன் 44.9 சதவீதம். பாதிக்குப் பாதி வயிற்றை அறுக்க வேண்டிய அளவுக்கு நம் பெண்களின் இடுப்பு ஒரு தலைமுறைக்குள் சுருங்கிவிட்டதா? நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்துத் தேதி வாங்கும் வீட்டாரும், தன் வசதிக்குத் தேதி கொடுக்கும் டாக்டரும் சேர்ந்து செய்கிற காரியம் அதில் ஒரு பங்கு. அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தழும்பின்மேல் நஞ்சு ஒட்டிக்கொண்டால் வருவது பழைய உதிரப்போக்கேதான், வேறு வழியாக.

சோகையோ குறையவே இல்லை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தம் குறைவு. முந்தைய கணக்கெடுப்பில் 44.4. மாத்திரை கிடைக்காமல் இல்லை, பரணிலும் அரிசிப்பானைக்குப் பின்னாலும் அட்டை அட்டையாகக் கிடக்கிறது. "போட்டா கருப்பா வெளிக்கிப் போவுது, நர்சம்மா", "பிள்ளை பெருசாயிரும், பொறவு ஆபரேஷன்தாம்பாவ" என்பார்கள். இரண்டாவது பேச்சுக்கு அவர்கள் கண்ணெதிரே 44.9 சதவீதம் நிற்கும்போது நான் என்ன பதில் சொல்ல. பீடி சுற்றுகிற பெண் காலை ஆறு மணியிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இருக்க, பசியை அடக்குவது டீ. ஒரு நாளில் ஐந்தாறு தம்ளர். மாத்திரையையும் அதோடு முழுங்கிவிடுவாள். டீ இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. எலுமிச்சம்பழச் சாறோடு போடு, இல்லாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு போடு என்று சொல்ல வேண்டும். நான் கொண்டுபோன கேள்வித்தாள்களில் 'மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா' என்றுதான் இருந்தது, எதோடு என்று இல்லை. 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஓரத்தில் 'டீயோடு' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த சுற்றுத் தாள் வந்தபோது அதற்கென்று தனிக் கட்டம் போட்டிருந்தார்கள்.